மாருதி 800 தகர டப்பா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் பற்றி வந்த கட்டுரையில் மாருதி 800ஐ ‘விலை மலிவைத் தவிர வேறு சிறப்பில்லாத தகர டப்பா’ என்று எழுதியிருக்கிறார்கள். அம்பாசிடருக்கு ஒரு முழுப் பக்கம், பிரீமியர் பத்மினிக்கு அரைப் பக்கம், மாருதிக்கு நான்கே வரி. அந்த நான்கு வரிக்குள்ளும் இந்த ஏச்சு.

நான் கும்பகோணத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். அம்பாசிடரிலும் பத்மினியிலும்தான் தொழில் கற்றேன். அந்த வண்டிகள் மேல் எனக்கும் பாசம் உண்டு. மாருதி எங்கள் ஊருக்கு வந்த புதிதில் பட்டறைப் பெரியவர்கள் பானெட்டைத் திறந்து பார்க்காமலே இதே வார்த்தையைச் சொன்னார்கள். இத்தனை வருடம் கழித்து அதையே உங்கள் பத்திரிகையில் அச்சில் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகைதான். அதனால் வருத்தம் கூடுதலாகவே இருக்கிறது.

மாருதி 800இன் எடை சுமார் 650 கிலோ. அம்பாசிடர் 1,100 கிலோவுக்கு மேல். தகடு மெல்லியது என்பது உண்மைதான். ஆனால் எடையைக் குறைத்ததில்தான் அந்த வண்டியின் மொத்தக் கணக்கும் இருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட், ஏறக்குறைய 37 குதிரைத்திறன். இந்தச் சின்ன எஞ்சின் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு சளைக்காமல் ஓடுகிறது என்றால், அது இழுக்க வேண்டிய பாரத்தை முதலிலேயே யாரோ உட்கார்ந்து கிலோ கிலோவாகக் கழித்திருக்கிறார்கள். ஜப்பானில் அப்போது சின்னக் கார்களுக்கு 550 சிசி என்று சட்டமே எல்லை வைத்திருந்தது. மாருதியின் ஜப்பானியக் கூட்டாளியான சுசுகி அங்கே இதே வண்டியை விற்றது 543 சிசி எஞ்சினோடு. அந்த நெருக்கடியில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் செய்த வண்டி இது.

எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்து, கியர்பாக்ஸை அதன் முனையிலேயே சேர்த்து, முன்சக்கரங்களை இயக்கும் அமைப்பு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1959இல் பிரிட்டனின் மினி காரில் அலெக் இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பினார். ஆனால் கியர்பாக்ஸை அதற்கு அடியில், எஞ்சின் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குள் வைத்தார். இரண்டுக்கும் ஒரே ஆயில். ஃபியட்டின் டான்டே ஜியாகோசா கியர்பாக்ஸைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தார். 1964இல் இத்தாலியின் ஆட்டோபியாங்கி பிரிமுலா அப்படித்தான் வந்தது. இன்று தெருவில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை அவர் போட்ட வழியில் போகிறவை. சாதாரண இந்தியக் குடும்பத்தின் வாசலுக்கு அந்த வழியைக் கொண்டுவந்தது மாருதி 800. இதை எழுத ஒரு வரி கூடவா இடமில்லை?

இதனால் என்ன லாபம் என்று பட்டறையில் நிற்பவனுக்குத் தெரியும். எஞ்சின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் இல்லை. அந்தச் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கனத்த டிஃபரன்ஷியல் கூடு பின்அச்சில் இல்லை. தரைக்கு நடுவே ஓடும் மேடும் இல்லை. அம்பாசிடரைவிட ஒரு மீட்டர் நீளம் குறைந்த காருக்குள் நான்கு பேர் உட்கார முடிவது இதனால்தான். எஞ்சினின் எடை ஓட்டும் சக்கரங்கள் மேலேயே இருப்பதால் மழைக்காலத்தில் எங்கள் வயல்காட்டுச் சேற்றில் பெரிய வண்டிகள் திணறும் இடத்தை இது தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ரேடியேட்டர் ஃபேன். அம்பாசிடரில் அது எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றும். மகாமகக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தால் ஃபேனும் மெதுவாகும், தண்ணீர் கொதிக்கும். மாருதியில் அது கரண்ட் ஃபேன், சூட்டைப் பார்த்துத் தானாக ஓடும். வெயில் காலத்தில் வழியில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் வழக்கம் குறைந்துபோனதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேகத்தடையில் சம்ப் இடிக்கும். ஆள் நிறைய ஏற்றி மலை ஏறினால் முன்சக்கரம் வழுக்கும். அச்சை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்ததைக் கவனிக்காமல் விட்டால், முன்சக்கரம் திரும்பும்போதும் சுற்றவைக்கும் சி.வி. ஜாயின்ட் போய், திருப்பத்தில் டக்டக் என்று சத்தம் வரும். மூன்று சிலிண்டர் என்பதால் வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் ஐட்லிங்கில் ஒரு நடுக்கம் இருக்கத்தான் செய்யும். ஏர்பேக் கிடையாது. பாதுகாப்பைப் பற்றிக் குறை எழுதியிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். அதையெல்லாம் விட்டுவிட்டு ஏச்சை மட்டும் எழுதியதுதான் மனதை அறுக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாருதியின் கதையைச் சொல்லும்போது கட்டுரை, மக்கள் கார் திட்டத்தை முதலில் தொடங்கிய இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்தியின் பெயரோடு நின்றுவிட்டது. அவர் 1980 ஜூனில் இறந்தார். அரசு நிறுவனமாக மாருதி உத்யோக் தொடங்கியது 1981இல், சுசுகியோடு ஒப்பந்தம் 1982இல், முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தது 1983 டிசம்பர் 14இல். இந்த ஏறக்குறைய மூன்று வருட வேலையை முன்னால் நின்று நடத்தியவர் வி. கிருஷ்ணமூர்த்தி. அன்றைய தஞ்சை மாவட்டத்துக்காரர். திருச்சி பெல் (பாரத் ஹெவி எலெக்ட்ரிகல்ஸ்) ஆலையை நிர்வகித்தவர், பிறகு பெல் நிறுவனத்துக்கே தலைவராக இருந்தவர். ஒரு தமிழ்ப் பத்திரிகை மாருதியைப் பற்றி எழுதி அவர் பெயரை விட்டுவிடுகிறது என்றால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது? 1987இல் 500 கார்கள் ஹங்கேரிக்குக் கப்பலேறின. தகர டப்பாவை ஐரோப்பாவில் எதற்கு வாங்கினார்கள் என்றாவது கட்டுரையாளர் யோசித்திருக்கலாம்.

பழைய கார்கள் மேல் உங்களுக்கு இருக்கும் பிரியத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியபோது உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு புதிய எஸ்.யு.வி.யின் சன்ரூஃப் பற்றித்தான் இருந்தது. என்னிடம் வரும் மாருதி 800 சொந்தக்காரர்களில் ஓய்வுபெற்ற வாத்தியார்கள் உண்டு, மருந்துக்கடை வைத்திருப்பவர் உண்டு, இந்த வண்டியில் ஓட்டக் கற்று இன்றுவரை இதை மட்டுமே ஓட்டும் அம்மாக்கள் உண்டு. அவர்களுக்கு அந்த 5,000 ரூபாய் சின்னத் தொகை அல்ல. அப்போதே இதைப் பற்றி ஒரு கடிதம் அனுப்பினேன். பிரசுரமாகவில்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கும்.

இதையாவது போடுங்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. குறைந்தபட்சம் படக்குறிப்பைத் திருத்துங்கள். நீங்கள் போட்ட படத்தின் கீழே ‘1983ஆம் ஆண்டு மாடல்’ என்று இருக்கிறது. படத்தில் இருப்பது 1986இல் வந்த இரண்டாவது உருவம். முகப்பையும் பின்கதவையும் பார்த்தாலே தெரியும். திருத்தம் போடும் அந்த மூலையில் கிருஷ்ணமூர்த்தி பெயரையும் சேர்த்துவிட்டால் நன்றியோடிருப்பேன்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப் உரிமையாளர்,
கும்பகோணம்.