பரீட்சைப் புள்ளியை வைத்து வாசிப்புக் குழு பிரிக்கச் சொல்லாதீர்கள்

மலையகத் தமிழ்ப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு ஆசிரிய ஆலோசகர்களுக்கு,

வணக்கம். தவணைப் பரீட்சைப் புள்ளியைப் பார்த்து வாசிப்புக் குழு பிரித்து, படிவம் நிரப்பித் தரும்படி கேட்கப்படுகிறோம். நானும் பல வருடங்கள் அப்படியே நிரப்பிக் கொடுத்தவள்தான்.

என் தரம் 3 வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குத் தமிழில் 42 புள்ளி. படிவத்தின்படி ஒரே குழு. தனித்தனியே மேசைக்கு அழைத்து வாசிக்கச் சொன்னேன். ஒருத்தி ‘கொழுந்து’ என்பதை ‘கெழுந்து’ என்றாள். அவளுடைய அம்மா தோட்டத்தில் தினமும் பறிக்கிற தேயிலைக் கொழுந்து! எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பைப் பார்க்கிறாள், பின்னால் வரும் அரவை (‘ா’ என்ற துணைக்காலை) விட்டுவிடுகிறாள். ‘தொ’, ‘மொ’ எல்லாவற்றிலும் அதே கதை. போன வருட வரவுப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த எழுத்துகளைப் படிப்பித்த மழைக்காலத்தில் பாதி நாள் அவள் வந்திருக்கவில்லை.

மற்றவன் தடங்கலே இல்லாமல் வாசித்தான். என்ன வாசித்தாய் என்றால் பேச்சில்லை. பாடமோ மீனவரைப் பற்றியது. வள்ளத்தையும் வலையையும் மலைமேல் இருக்கும் மஸ்கெலியாவில் பிறந்தவன் எங்கே கண்டான்? ஒருத்திக்கு எழுத்து வேண்டும், இவனுக்குப் படமும் பேச்சும் வேண்டும். இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்து நான் எதைப் படிப்பிப்பது?

இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறேன், பிள்ளைக்கு ஒரு பக்கம். தடுக்கிய சொல்லை அப்படியே எழுதிக்கொள்வேன். ஒருவருக்கு மூன்று நிமிடம். நாளுக்கு ஆறு பேர் என்றால் ஒரு கிழமையில் வகுப்பு முடிந்துவிடும். அதை வைத்துத்தான் குழு. நான்கு கிழமையில் கலைத்து மறுபடி பிரிப்பேன்.

முன்பு நான் இருந்த பாடசாலையில் ரோஜா, தாமரை, தும்பை என்று குழுக்களுக்குப் பெயர். வருடம் முழுக்க மாறவில்லை. தும்பை என்றால் மக்கு என்பது பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் போடுவார்களே, அந்த மாதிரி.

படிவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் புள்ளிக்குப் பக்கத்தில் ‘எங்கே தடுக்குகிறது’ என்று ஒரு நிரலும், ‘வராத நாட்கள்’ என்று இன்னொரு நிரலும் சேருங்கள். ‘மெல்லக் கற்போர்’ என்ற நிரலை எடுத்துவிடுங்கள். அப்புறம், வகுப்பைப் பார்க்க வரும்போது கோப்பைக் கேட்பதற்கு முன் ஒரு பிள்ளையை அழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தரம் 3 ஆசிரியை ஒருத்தி,
மஸ்கெலியா