செயலாளரின் ஆண்டறிக்கை (2024 ஏப்ரல் – 2025 மார்ச்)

தலைவர் ஐயா அவர்களுக்கும், சேகர ஆயர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் நகல் தபாலில் போகும். அந்தத் தபால் செலவு கணக்கில் தனி வரியாகக் காட்டப்பட்டிருக்கிறது.

இலங்கையின் யாழ்ப்பாணச் சபைகளோடு உறவு வைக்க நமக்கெதற்கு ஒரு சங்கம் என்று இந்த ஆண்டும் இரண்டு பேர் கேட்டார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதிலிருந்த 14 திருமண்டலங்களில் (பேராயரின் ஆளுகைப் பகுதிகளில்) யாழ்ப்பாணமும் ஒன்று. அதற்கு முன்பே, 1908இல் அமைந்த தென்னிந்திய ஐக்கிய சபையிலும் அவர்கள் இருந்தார்கள். இன்னும் பின்னால் போனால், மதுரை மிஷனே 1834இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரிகள் கடல் தாண்டி வந்து தொடங்கியதுதான். இன்று 24 திருமண்டலங்களில் இந்தியாவுக்கு வெளியே இருப்பது அது ஒன்றே. நாம் திருமண்டலம் என்பதை அவர்கள் ஆதீனம் என்கிறார்கள், சபை ஒன்றுதான். ஆகவே 'வெளிநாட்டு ஊழியத்துக்கு உதவி' என்று காணிக்கை உறையில் எழுதுவதை உறுப்பினர்கள் இனியாவது நிறுத்த வேண்டும்.

வழக்கமான நிகழ்ச்சிகள்: மே 12 ஆசிய ஞாயிறு அனுசரிக்கப்பட்டது. செப்டம்பர் 27 ஸ்தாபக நாள் ஆராதனை நடந்தது. மார்ச் 7 உலக ஜெப தினத்தில், குக் தீவுகளின் பெண்கள் எழுதிய முறைமையைப் பெண்கள் ஐக்கியம் நடத்தியது. செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை. மாதாந்தர இணையவழி ஜெபக் கூட்டம் ஒன்பது மாதம் நடந்தது. இலங்கையில் பௌர்ணமி தோறும் போயா விடுமுறை. அன்று அலுவலகங்கள் மூடியிருக்கும், வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். எனவே கடிதத்துக்குப் பதில் எதிர்பார்க்கிற வாரத்தில் போயா வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஜெபக் கூட்டத்துக்கோ அந்த நாளே நல்லது. இதை நாட்காட்டியில் குறித்துக் கொடுத்தும் மூன்று முறை மாற்றி வைத்தார்கள்.

நவம்பர் விருந்தினர் வருகையைப் பற்றிப் பலவிதமாகப் பேசப்படுவதால் நடந்ததை எழுதுகிறேன். யாழ்ப்பாணச் சபைகளிலிருந்து எட்டுப் பேர், அவர்களில் இருவர் போதகர்கள், காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் வந்து நம் அறுப்பின் பண்டிகையில் கலந்துகொள்வதாகத் திட்டம். கப்பல் ஆகஸ்ட் 16 முதல் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. நான்கு மணி நேரப் பயணம், விமானத்தைவிடச் செலவு குறைவு. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் அந்தக் கடல் சிறிய கப்பலுக்கு ஆகாது. நவம்பரில் நின்ற கப்பல் பிப்ரவரியில்தான் மறுபடி ஓடியது. ஜூன் 23 செயற்குழுவில் 'ஒன்று ஆகஸ்ட் கடைசி, இல்லாவிட்டால் பிப்ரவரிக்குப் பிறகு' என்று நான் சொன்னது குறிப்பேட்டில் இருக்கிறது. பண்டிகைத் தேதியை மாற்ற முடியாது என்று முடிவாயிற்று. பண்டிகை மாறவில்லை, கப்பல்தான் வரவில்லை. சென்னை–பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்) விமானச் சீட்டு எட்டுப் பேருக்குக் கட்டுப்படியாகாமல் மூன்று பேர் வந்தார்கள்.

அடுத்தது, வந்த போதகர் ஏன் பிரசங்கிக்கவில்லை என்பது. சுற்றுலா விசாவில் இந்தியாவுக்கு வருகிறவர் ஆலயத்தில் ஆராதனைக்கு வரலாம், உட்கார்ந்து செய்தியைக் கேட்கலாம். தாமே ஆலயத்தில் உரையாற்றவோ சமயப் போதனை செய்யவோ கூடாது. அதற்கு மிஷனரி விசா தனியாக வாங்க வேண்டும், அது பல மாத வேலை. வருகிறவர் நம் திருச்சபையின் அபிஷேகம் பெற்ற போதகர் என்பதால் குடியேற்ற அதிகாரிக்கு ஒன்றும் மாறாது. அவர் பார்ப்பது பாஸ்போர்ட்டை. அங்கே சுற்றுலா அனுமதியில் போய் நம்மவர் பிரசங்கபீடம் ஏறினாலும் இதே சிக்கல்தான். அச்சடித்த நோட்டீசில் 'சிறப்புச் செய்தி' என்று போதகர் பெயர் போட்டு, படம் வேறு போட்டு, அது வாட்ஸ்அப்பில் போன பிறகுதான் எனக்குத் தெரியும். நோட்டீசைத் திரும்ப அடித்த செலவு கணக்கில் இருக்கிறது. போதகர் முன் வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டுப் போனார். அவருக்கு வருத்தமில்லை, நம்மில் சிலருக்குத்தான்.

விருந்தினர் வரிசையில் காணிக்கைப் பை நீட்ட வேண்டாமென்று தடுத்ததற்காக என்னைக் கடிந்துகொண்டவர்களுக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி (2010), வெளிநாட்டுக் குடிமகன் கொடுக்கும் நன்கொடை எந்த நாணயத்தில் இருந்தாலும் அயல்நாட்டுப் பங்களிப்புதான். நம்மூரில் மாற்றிய ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பையில் போட்டாலும் அப்படியே. அதை வாங்கப் பதிவு வேண்டும். பதிவு இருந்தாலும் 2021 முதல் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் வாங்க முடியும். அப்படி வாங்கியவர்கள் வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க 2020 திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை. நம் சங்கத்துக்கு அந்தப் பதிவே கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் கொடுப்பது இதில் வராது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் கொடுப்பது வரும். பை அந்த வரிசையைத் தாண்டிப் போகட்டும் என்று நான் சைகை காட்டியதற்குக் காரணம் இவ்வளவுதான். விருந்தினர்களிடம் முதல் நாள் இரவே சொல்லியாகிவிட்டது. நம் பைக்காரத் தம்பிக்குச் சொல்ல மறந்தது என் தவறு. அவன் பையை நீட்டியபடி அங்கேயே நின்றுவிட்டான்.

இனி, இந்த ஆண்டில் உண்மையாக நடந்த வேலை: பதிவேட்டுத் தேடல். இதற்குச் செயற்குழு ஒதுக்கியது ஒரு தீர்மானமும் ஒரு பீரோச் சாவியும்.

1983க்குப் பிறகும் 1990க்குப் பிறகும் ராமேஸ்வரம் அருகிலுள்ள மண்டபம் வழியாக வந்து அகதி முகாம்களில் தங்கிய இலங்கைக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் நம் வட்டாரச் சபைகளில் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள், சிலர் திருமணமும் செய்திருக்கிறார்கள். ஊர் திரும்பியவர்கள் பெயர், பெற்றோர், தேதி நிரூபிக்க அந்தப் பதிவின் நகலைக் கேட்கிறார்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: ஞானஸ்நானச் சான்று பிறப்புச் சான்றிதழுக்கு ஈடல்ல. பிறந்த ஊரின் உள்ளாட்சி அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழும், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவும் தனித்தனியே வேண்டும். நம் காகிதம் அதற்குத் துணைச் சாட்சி. திருமணப் பதிவேடு அப்படியல்ல. அது 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ் வருவது, அதன் நகல் அரசுப் பதிவாளருக்கும் போயிருக்கும். நம் பக்கம் கரையான் தின்றிருந்தாலும் அங்கே தேடலாம்.

தேடும்போது தவறுவது பெரும்பாலும் பெயரில். இங்கே எழுத்தர் 'செல்வராஜ்' என்று எழுதியிருப்பார். அவர்கள் வீட்டில் 'செல்வராசா'. ஆங்கிலத்தில் நாம் 'ஏ'யோடு முடிப்பதை அவர்கள் கடைசியில் ஒரு 'எச்' சேர்த்து முடிப்பார்கள். தகப்பன் பெயரை நாம் ஒரு எழுத்தாகச் சுருக்கிவிடுகிறோம்; அவர்கள் முழுதாக எழுதுவார்கள், அந்த ஒரு எழுத்தை வைத்து அங்குள்ள அலுவலர் ஒன்றும் செய்ய முடியாது. சொந்த ஊர் என்ற கட்டத்தில் ஊர் இருக்காது, முகாம் பெயர் இருக்கும். எனவே பெயரை வைத்துத் தேடக் கூடாது. ஞானஸ்நானத் தேதியின் மாதத்தைக் கேட்டு வாங்கி, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மாதப் பக்கங்களைப் புரட்டி, தாயின் பெயரையும் ஞானப்பெற்றோரின் பெயரையும் வைத்து உறுதி செய்ய வேண்டும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் அதே முகாமின் பக்கத்துக் குடும்பம். ஒரு குடும்பம் கிடைத்தால் அதே பக்கத்தில் இன்னும் இரண்டு கிடைக்கிறது.

படம் எடுக்கும் முறை: ஃபிளாஷ் கூடாது, பழைய மையில் பட்டு வெளிறிக் காட்டும். ஜன்னல் பக்கம் மேசை போட்டு, ஏட்டை முழுக்க விரித்து முதுகை உடைக்காமல், தாழ்ந்த பக்கத்தின் அடியில் துணி மடித்து வைத்து இரு பக்கமும் சமமாக்க வேண்டும். பதிவு மட்டும் போதாது. தொகுதி எண், பக்க எண், மேலும் கீழும் உள்ள பதிவுகள் தெரிய ஒரு படம், பதிவு மட்டும் ஒரு படம். சான்று எழுதும்போது ஏட்டில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்; எழுத்துப் பிழையையும் அப்படியே எழுதி, 'இவரே இன்னார்' என்று ஆயர் தனிக் கடிதத்தில் சொல்ல வேண்டும். ஏட்டில் வெள்ளை மை தடவித் திருத்திய இரண்டு இடங்களைப் பார்த்தேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் அந்த இரண்டு பதிவுகளும் இனி யாருக்கும் உதவாது. பழைய சான்றுகளை லேமினேஷன் செய்து கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக் மேல் அரசு முத்திரை பதியாது. அதை உரித்தால் எழுத்தும் கூட வரும்.

41 விண்ணப்பங்களில் 26 பதிவுகள் கிடைத்தன, 9 கிடைக்கவில்லை, 6 நிலுவையில். ஒரு சேகரத்தில் ஏடுகள் ஆலய மணிக்கூண்டுப் படிக்கட்டின் கீழ் இருந்தன. பெயர் சொல்ல மாட்டேன்; இப்போது பீரோவுக்கு வந்துவிட்டன.

கல்யாண ஓலை, அதாவது ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு, பற்றி ஒரு வார்த்தை. பெண் அங்கே, மாப்பிள்ளை இங்கே என்றால் இரண்டு சபையிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், அங்கு வாசித்த சான்று இங்கே வந்து சேர வேண்டும். திருமண நாளிலிருந்து ஆறு வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். கல்யாண மண்டபத்துக்கு ஒரு வருடம் முன் அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள் ஓலைக்கு ஒன்பது நாள் முன் வருகிறார்கள்.

வரவு செலவு: பொருளாளர் விவரமாகப் படிப்பார். மொத்தத்தில் வரவு சென்ற ஆண்டை ஒட்டியே இருந்தது, செலவு அதைச் சற்றுத் தாண்டியது. தாண்டியது நோட்டீசாலும் தங்குமிடத்தாலும். பதிவேட்டுத் தேடலால் அல்ல. அதற்கான நகல், தபால், போக்குவரத்துச் செலவின் ஒரு பகுதி சங்கக் கணக்குக்கு வரவில்லை, வர வேண்டுமென்று நான் கேட்கவும் இல்லை.

சந்தா ஆண்டுக்கு 600 ரூபாய். மாதம் 50. உறுப்பினர் 58 பேரில் 23 பேர் முழுதாகக் கட்டியிருக்கிறார்கள், 11 பேர் பாதி. மற்றவர்களில் நான்கு பேர் மூன்று ஆண்டாகக் கட்டவில்லை. விதிப்படி அவர்கள் பெயர் நீங்க வேண்டும். நவம்பர் விருந்தினருடன் எடுத்த குழுப் படத்தில் அந்த நால்வரும் இருக்கிறார்கள்.

தலைவர் ஐயாவுக்கும், தங்க இடம் கொடுத்த இரண்டு குடும்பங்களுக்கும், சமையல் பார்த்த பெண்கள் ஐக்கியத்துக்கும், ஏடுகளைத் திறந்துவிட்ட ஆயர்களுக்கும், கணக்குத் தணிக்கை செய்த ஐயாவுக்கும், அங்கிருந்து ஒவ்வொரு கடிதத்துக்கும் கையெழுத்தில் பதில் எழுதிய ஆதீனத்துச் சகோதரிக்கும் நன்றி.

வரும் ஆண்டு: நம் பக்கத்திலிருந்து அங்கே போகும் பயணத்தை ஆகஸ்டுக்குள் வைத்தால் கப்பல் இருக்கும். நிலுவையிலுள்ள 6 விண்ணப்பங்களோடு புதிதாக 14 வந்திருக்கின்றன. ஏடு புரட்ட என் கண்ணாடி எண் போதவில்லை. தமிழில் தட்டச்சு தெரிந்த, சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய இளையவர் ஒருவர் முன்வந்தால் பீரோச் சாவியை இன்றே ஒப்படைக்கிறேன். செயலாளர் பதவியையும் சேர்த்துக் கேட்டாலும் மறுக்க மாட்டேன். ஒருவரும் வராவிட்டால் வேலை நடக்கும், மெதுவாக நடக்கும்.

தேநீர் முடியும்வரை பொருளாளர் வாசல் மேசையில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். சில்லறை இருக்கிறது.

செயலாளர்