மேல்வீட்டு அக்காவுக்கு

அக்கா,

வீட்டை விற்றாச்சு. போன வியாழக்கிழமை பத்திரப் பதிவு முடிந்தது. வாங்கியவர் இடித்துவிட்டுத்தான் கட்டப் போகிறாராம். மாசக் கடைசிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும். இதை உனக்குப் போனிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை நம்பரை எடுத்தேன், இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். குறுக்கே பேசியது யார் என்று நீ கேட்பாய். அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் பெயரைப் போடவில்லை. இங்கே வந்து படிக்கிறவர்களில் நம் தெருக்காரர்கள் நாலு பேராவது இருப்பார்கள், உன் ஆபீஸ்காரர்களும் இருக்கலாம். சில இடங்களில் சுற்றி வளைத்தால் நீயே புரிந்துகொள்.

நேற்று மொட்டை மாடியைக் காலி செய்யப் போனேன். தானே புயலில் பக்கத்து வீட்டுத் தென்னை வந்து விழுந்த கைப்பிடிச் சுவர் மூலை இன்னும் தனி நிறமாகத்தான் இருக்கிறது. அப்பா தானே கலந்து பூசிய சிமெண்ட். 2011 டிசம்பர் 30 விடியற்காலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, இரண்டு பேரும் ஒரே ஜன்னலைத்தான் பிடித்துக்கொண்டு நின்றோம். அதற்கப்புறம் வந்த பன்னிரண்டு ராத்திரிதான் கண்ணுக்குள் நிற்கிறது. தெருவில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, முறிந்த முருங்கையின் பச்சை வாசனை. வாடகைக்கு வந்து மூன்று மாசமாகியும் ‘நீங்க’ போட்டே பேசிக்கொண்டிருந்த நாம் அந்தப் பன்னிரண்டு நாளில் ‘நீ’ ஆனோம்.

பேச்சை அளக்கக் கொசுவத்திச் சுருள்தான் கணக்கு. கால் சுருள் பேச்சு, அரைச் சுருள் பேச்சு. ஒரே ஒருநாள் முழுச் சுருளும் சாம்பலாகி, கீழே அம்மா கோலமாவு டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அன்றைக்குத்தான் நீ எபிக்டெடஸைச் சொன்னாய். அடிமையாக இருந்த, கால் ஊனமான ஒரு மனிதர், உலகத்தில் உள்ளதையெல்லாம் நம் கையில் இருப்பது, நம் கையில் இல்லாதது என்று இரண்டே குவியலாகப் பிரித்தார் என்று. “கரண்டு நம்ம கைல இல்ல, கொசுவத்தி நம்ம கைல” என்றாய். பதினெட்டு நூற்றாண்டுக்கும் மேல் பழைய தத்துவத்தை மஞ்சக்குப்பத்து மாடிக்கு ஒரே வரியில் இறக்கிவிட்டாயே என்று நான் அசந்துபோனேன். டிஎன்பிஎஸ்சி கைடைத் தவிர வேறெதையும் படித்திராத எனக்கு, கரஸில் எம்.எஸ்ஸி. சைக்காலஜி படிக்கும் நீ சொன்னதெல்லாம் வேதம்.

அப்பர் சங்கதியும் அந்த மாடியில்தான். கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் மிதந்து வந்து கரையேறியது நம் ஊர் வண்டிப்பாளையம் பக்கம் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ அவரை விட்டுவிட்டு அக்காவைப் பிடித்தாய். அப்பா இறந்து, அம்மாவும் போய், நிச்சயித்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டு, தானும் சாகக் கிளம்பி, தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டவர் திலகவதியார். “தம்பிக்கு சூலை நோய் வந்துச்சு, திருவதிகைக்கு ஓடியாந்தாரு, திருநீறு குடுத்தாங்க, எல்லாம் சரி. அந்தப் பொண்ணுகிட்ட யாராவது ஒருநாள் உக்காந்து துக்கம் கேட்டாங்களாடி?” என்றாய். பெரியபுராணத்தை அப்படி ஒருத்தர் கேட்டு அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. இப்போது யோசித்தால், நீ திலகவதியாரைப் பற்றி மட்டுமா பேசினாய் என்று சந்தேகம் வருகிறது. அப்போது வரவில்லை. அது புத்திசாலித்தனமான கேள்வி என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

சரி, கடற்கரைக்கு வருகிறேன்.

உன் அம்மாவின் காரியம் முடிந்து நீ திரும்பி வந்திருந்தாய். மாசி மகத்துக்கு மறுநாள். தேவனாம்பட்டினத்துக் கரை முழுக்க முந்தின நாள் கூட்டம் விட்டுப்போன வாழையிலை, அறுந்த மாலை, தேங்காய் மூடி. ஒரு நாய் ஒவ்வொரு மூடியாக முகர்ந்துகொண்டே போனது. நீயாகத்தான் “சில்வர் பீச்சுக்குப் போலாமா” என்று கேட்டாய். சாதாரணமாகக் கூப்பிடுவது நான்தான். அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்தாய். பழுப்பு பிரேம், வலது காலில் கறுப்பு நூல் சுற்றியிருந்தது. முந்தானையால் துடைத்தாய். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். மறுபடியும் துடைத்தாய். அழுக்கு ஒன்றும் இல்லை, எனக்கே தெரிந்தது.

“அம்மா கண்ணாடிய நேத்து ராத்திரி போட்டுப் பாத்தன்டி...”

நீ சொன்னது இவ்வளவுதான். அதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். துக்கத்தில் ஐந்து கட்டம் உண்டு, மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. போன வாரம் அண்ணனோடு போட்ட சண்டை கோபம், இது பேரம், நல்ல அறிகுறிதான், வரிசையாகத்தான் போய்க்கொண்டிருக்கிறாய். உன் நோட்டிலிருந்து படித்ததை உனக்கே ஒப்பித்தேன். கால் மணி நேரமாவது பேசியிருப்பேன். கையெல்லாம் ஆட்டி.

நீ கண்ணாடியை மடித்துக் கூட்டில் வைத்தாய். ‘டப்’ என்று மூடியது. “மணல் ஈரமாயிடுச்சு, எந்திரி” என்றாய். மணல் ஈரமாகவெல்லாம் இல்லை. வண்டியில் எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்கிற நீ, அன்றைக்குப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். தூக்கிப்போட்டபோதுகூட என்னைத் தொடவில்லை. ராத்திரி அம்மாவிடம் “அக்கா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துக்கறாங்க” என்று ரிப்போர்ட் கொடுத்தேன்.

இதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். கேட்கிறேன். ஆனால் ஒன்று அக்கா, அந்தப் பாஷையை எனக்குக் கற்றுக்கொடுத்ததே நீதான். என் நிச்சயதார்த்தம் முறிந்த அன்றைக்கு நான் மாடிக்கு வந்து என்ன கேட்டேன், நீ என்ன சொன்னாய்? பவுல்பி என்ற மனநல மருத்துவரில் ஆரம்பித்தாய். குழந்தையிலேயே ஒட்டுதல் சரியாக அமையாதவர்கள் பெரியவர்களானதும் பிடித்தவர்களை எப்படிச் சோதிப்பார்கள் என்று பாடமெடுத்தாய். அதோடு விட்டாயா? மறுநாள் கீழே வந்து என் அம்மாவிடமும் சொன்னாய். அம்மாவுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: “நான் சரியா வளக்கலையாம்.” அந்த வாரம் முழுக்க அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறுநாளே கொசுவத்தியோடு மேலே வந்தேன். அப்படியென்றால் யார் யாரைக் காயப்படுத்தியது என்று கணக்குப் பார்த்தால்... வேண்டாம். கணக்குப் பார்க்க எழுதவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அந்த ஐந்து கட்டங்களைப் பற்றி அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது சாகப்போகிறவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு. தனக்குச் சாவு வருகிறது என்று தெரிந்த நோயாளியின் மனசு போகும் போக்கு அது. பெற்றவளைப் பறிகொடுத்தவளுக்கு அளந்து தைத்த சட்டை இல்லை. வரிசையாக வரவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இறந்தவரிடமிருந்து மனசைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று ஃப்ராய்ட் 1917இல் எழுதினார், பலகாலம் அதைத்தான் பிடித்துத் தொங்கினார்கள். 1996இல் க்ளாஸ் என்ற ஆய்வாளர் முதலான சிலர் வந்து, அப்படி விட வேண்டியதில்லை, போனவரோடு உறவு வேறு உருவத்தில் தொடரும், அது கோளாறும் இல்லை என்று... பார், மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன். நீ கண்ணாடியைப் போட்டுப் பார்த்ததற்கு எனக்கு 1996 எதற்கு? பண்ருட்டிப் பக்கம் உன் ஊரில், கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்த கிழவிகளை நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். ‘இவங்களுக்கு இது ஒரு ரிலீஸ்’ என்று உன் காதில் வேறு சொன்னேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய்.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் செருப்பு வாசற்படிக்கு இடது பக்கம் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. ஒருநாள் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அதைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். ஒன்பதாம் நம்பர். பின்னால் இரண்டு விரல் இடம் கிடந்தது. அவருடைய குதிகால் பள்ளத்தில் என் குதிகால் எட்டவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான், காலம் ஆற்றும் என்றார்கள், நல்ல சாவு என்றார்கள். அன்றைக்குத்தான் கடற்கரை ஞாபகம் வந்தது. உன் கண்ணாடி என்ன பவர் என்றுகூட நான் கேட்கவில்லையே.

நீயும் வரவில்லை. வாட்ஸாப்பில் இரண்டு கைகூப்பு, ‘தைரியமா இரு’. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர். நின்ற இடத்தில் பஸ் கிடைக்கிற ரூட். பதினாறாம் நாள் வரை கேட் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். உனக்கு அந்த மாசம் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பின்னால் தெரிந்தது. இங்கே எழுத மாட்டேன், உன் பையன் படிப்பான். தெரிந்த பிறகாவது கோபம் போயிருக்க வேண்டும். போகவில்லை. உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதும் எனக்குக் கோபம் இருக்கிறது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன. இதற்கு நீ ஒரு பெயர் வைத்திருப்பாய், சொல்லாதே.

எழுத வந்ததற்கு நேற்றைய காரணம் ஒன்றும் உண்டு. பரணில் உன் பச்சை அட்டை நோட்டு கிடைத்தது. வீடு மாறிப் போகும்போது விட்டுப்போனது. டிஃபன்ஸ் மெக்கானிசம், அதாவது மனசு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் தந்திரங்கள், எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, 1936, அன்னா ஃப்ராய்ட் என்று மேலே அடிக்கோடு போட்டிருக்கிறாய். கீழே இன்டலெக்சுவலைசேஷன். உணர்ச்சியைத் தொடாமல் இருக்க அதைப் பற்றிய அறிவுக்குள் போய் ஒளிந்துகொள்வது. எல்லாவற்றுக்கும் பேனாவில் உதாரணம் இருக்கிறது, இதற்கு மட்டும் பென்சில். “எ.கா: நாங்க ரெண்டு பேரும் மாடியில.” பக்கத்தில் ஒரு சிரிக்கும் மூஞ்சி.

பரண் ஏணியில் நின்றபடியே சிரித்தேன். இறங்குவதற்குள் எரிச்சல் வந்துவிட்டது. தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? சிரிக்கும் மூஞ்சி போட்டிருப்பதால் கடற்கரைக்கு முன்னால் எழுதியதாகத்தான் இருக்கும் என்று நானே தேற்றிக்கொள்கிறேன். பின்னால் எழுதியதென்றால் அந்தச் சிரிப்புக்கு வேறு அர்த்தம். பென்சிலில் தேதி போடும் வழக்கம் உனக்கு இல்லை.

ஒன்று சொல்கிறேன், இதையும் மாற்றிக்கொள்ள மாட்டேன்: அந்த ராத்திரிகள் வீண் இல்லை. நீ இல்லாவிட்டால் நான் குரூப் ஃபோர் எழுதி, யாரைப் பார்த்தாலும் வேலை கிடைத்ததா, கல்யாணம் ஆச்சா என்று மட்டும் கேட்கிற ஆளாக ஆகியிருப்பேன். ஆபீஸில் நேற்றுக்கூட ஒரு பெண் கவுண்டரில் அழுதது. இறப்புச் சான்றிதழில் கணவர் பெயர் தப்பாக இருந்ததாம். திருத்த என்ன வேண்டும் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, “உக்காருங்க” என்றேன். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. அவள் தண்ணீர் குடித்துவிட்டு அவளாகவே... இல்லை, இதை உனக்கு நேரில்தான் சொல்ல வேண்டும்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. தபாலில் அனுப்ப மாட்டேன். இந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் வீட்டில்தான் இருப்பேன். சாமானெல்லாம் போய்விட்டது, பாய் ஒன்று வைத்திருக்கிறேன், ஒரு பாக்கெட் கொசுவத்தியும். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாயே, அங்கிருந்து சொல்லு. நான் வாயைத் திறந்தால் எழுந்து போய்விடு.

கேட் கொக்கி இன்னும் பழையபடிதான். கொஞ்சம் மேலே தூக்கிவிட்டுத் தள்ளு.