எந்தப் பாதி நேரில், எந்தப் பாதி இணையத்தில்?

கொழிஞ்சாம்பாறை, கேரளம்

அன்பு நண்பா,

விடைத்தாள் திருத்தும் வேலையில் உனக்குப் பதில் எழுதுவது தள்ளிப்போய்விட்டது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. என் தலையில் எத்தனை நரை என்று எண்ணிச் சொல்லும் அளவுக்குப் பார்வை தெளிந்துவிட்டது!

ஆந்திராவின் குப்பம் ஊரில் உன் மாணவர்கள் எல்லோரும் நேர்வகுப்பும் இணையவழி வகுப்பும் கலந்த முறைக்கே கைதூக்கினார்கள் என்று எழுதியிருந்தாய். இங்கும் அப்படித்தான். பாதி நேரில், பாதி இணையத்தில் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? எந்தப் பாதி எதில் என்று கேட்டுப் பார், ஆளுக்கொரு பதில் வரும். பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதம் வெளியிட்ட கருத்துருவில், ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்றது. அந்த 40 எது என்பதில்தான் சிக்கலே.

என் கணக்கியல் வகுப்பில், தமிழக எல்லையை ஒட்டிய வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பலர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். கல்லூரியில் பாடநூல் ஆங்கிலம், வகுப்பில் பேச்செல்லாம் மலையாளம். பாவம், வாயே திறக்கமாட்டார்கள். 2020இல் கல்லூரியை மூடிப் பாடம் கைபேசிக்குப் போனபோது, அதே பிள்ளைகள் தனிச்செய்தியில் தமிழிலேயே கேட்கத் தொடங்கினார்கள். “சார், இயந்திரம் பழசாகி மதிப்புக் குறைகிற தேய்மானத்தால் கையிலிருந்து பணம் எதுவும் போகவில்லையே, பிறகு ஏன் செலவில் எழுதுகிறோம்?” என்றாள் ஒருத்தி. முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறவர்கள் ஒருவர்கூட அதுவரை என்னிடம் கேட்காத கேள்வி. பதிவு செய்த பாடத்தை நிறுத்தி நிறுத்தி மறுபடி கேட்கவும் அவர்களுக்கு முடிந்தது. ஆங்கிலத்தில் தடுமாறுகிறவனுக்கு அது பெரிய உதவி.

இதை வைத்து அவர்களுக்கு இணையவழிதான் பிடிக்கும் என்று முடிவு கட்டிவிடாதே. கேள்வி கேட்ட அதே பெண்ணுக்குக் கல்லூரிக்கு வந்தே ஆக வேண்டும். வீட்டில் இருந்தால் பாத்திரம் காத்திருக்கும், கைபேசியை எடுத்தால் ஏச்சு விழும். இணைய வசதி கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, அதுவும் விடுதியில் கைபேசிக்குப் போட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில். அந்தத் தீர்ப்பு எங்கள் ஊர் அடுக்களைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. மாலையில் வேலைக்குப் போகும் பையன்களோ, பாடத்தின் பதிவு கிடைத்தால் போதும் என்கிறார்கள்.

பாதிப் பேர் எதிரே, பாதிப் பேர் திரையில் என்று ஒரே நேரத்தில் நடத்தச் சொல்கிறார்களே, அதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். பலகைப் பக்கம் திரும்பினால் திரையில் இருப்பவனுக்கு என் முதுகு தெரியும். திரையைப் பார்த்துப் பேசினால் எதிரே இருப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

விளக்கத்தைப் பதிவாகக் கொடுத்துவிட்டு, கணக்குப் போட்டுப் பழகுவதற்கு மட்டும் வகுப்பில் கூடலாம் என்று துறைக் கூட்டத்தில் சொன்னேன். சந்தேகங்களை எந்த மொழியிலும் எழுதிக் கேட்கட்டும் என்றேன். “அப்படியானால் வருகைப்பதிவு?” என்றார் ஒருவர். மீதி நேரம் முழுவதும் அதிலேயே போயிற்று.

உன்னிடமும் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்த பிள்ளைகள் இருப்பார்கள். வகுப்பில் பேசாதவர்கள் எழுத்தில் பேசுகிறார்களா என்று கவனித்து எழுது, அடுத்த கூட்டத்தில் எடுத்துச் சொல்ல எனக்கு ஆதாரம் வேண்டும். முதலமடை மாங்காய் வரத் தொடங்கிவிட்டது. விடுமுறைக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
உன் நண்பன்