செயலாளர் ஆண்டறிக்கை: மண்டகப்பட்டிலிருந்து செஞ்சி வரை ஐந்து நாள் நடை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திர ஏரிக்கரை நடை, பறவை நோக்கல், பள்ளி மாணவர்களுக்கான மரம் அறிதல் வகுப்பு ஆகியவை வழக்கம்போல் நடந்தன. அவற்றின் விவரம் பதிவேட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கை பெரும்பாலும் தை மாத நெடுநடையைப் பற்றியது. பாதையைத் தலைகீழாக மாற்றியதற்கு உறுப்பினர் பலர் காரணம் கேட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு நடையை ஏற்று நடத்துபவர்களுக்கும் இது கையில் இருக்க வேண்டும்.

செஞ்சியில் தொடங்கித் தெற்கே இறங்குவதுதான் பழைய வழக்கம். இவ்வாண்டு விழுப்புரம் ரயில் நிலையத்தில் கூடி, செஞ்சி செல்லும் பேருந்தில் மண்டகப்பட்டில் இறங்கி, தளவானூர், பனமலை, பாக்கமலை வழியாகச் செஞ்சிக்கு நடக்கும்படி பாதையை அமைத்தோம். முதல் காரணம் கால். முதல் நாளே செஞ்சிக் கோட்டையின் உயர்ந்த மலையான ராஜகிரி ஏறினால், இறங்கும்போது தொடையும் முழங்காலும் பிடித்துக்கொள்ளும். ஏறுவதில் மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் தசை அடிபடும், அந்த வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும் கூடும். சமதளத்தில் இரண்டு நாள் நடந்து பழகிய கால் மலையைத் தாங்கும். இரண்டாவது காரணம் வரலாற்று வரிசை. மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த குடைவரைக் கோயில், அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து பனமலையில் இராஜசிம்மன் கல் அடுக்கி எழுப்பிய கட்டுக்கோயில், பல நூற்றாண்டு தள்ளிச் செஞ்சிக் கோட்டை என்று காலத்தோடு சேர்ந்தே நடக்கலாம். மூன்றாவது, நடை முடியும் செஞ்சியிலிருந்து திண்டிவனம், திருவண்ணாமலை, சென்னை என்று எந்தப் பக்கமும் பேருந்து கிடைக்கும்.

மண்டகப்பட்டில் அவசரப்படக் கூடாது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் இந்த ஆலயத்தை விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) எடுத்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. மூன்று கருவறைகளும் இன்று வெறுமையாக இருக்கின்றன. பார்த்துவிட்டு, 'சிலையே இல்லையே' என்று ஐந்து நிமிடத்தில் வெளியே வருகிறவர்கள் உண்டு. முகப்பின் இரு ஓரத்திலும் நிற்கும் வாயிற்காவலர்களையும், சதுரமாகத் தொடங்கி நடுவில் எட்டுப்பட்டையாகி மீண்டும் சதுரமாகும் தூண்களையும் நின்று பார்த்தால்தான், அடுத்து வரும் தளவானூர் புரியும். அங்கே சத்துருமல்லேசுவர ஆலயத்தின் முகப்பில் மகர தோரணம் என்னும் அலங்கார வளைவு வந்துவிடுகிறது. அதே அரசன், அதே வகைப் பாறை. கை மட்டும் துணிந்திருக்கிறது.

கல்வெட்டு வாசிப்பது பற்றி ஒரு சொல். எழுத்து தெளியட்டும் என்று மாவு, சுண்ணக்கட்டி, எண்ணெய், தண்ணீர் எதையும் பாறையில் தடவக் கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்து எழுத்தின் பள்ளத்தை அடைக்கும். டார்ச்சை எழுத்துக்கு நேராகப் பிடிக்காமல், பாறையோடு ஒட்டியபடி பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். காலை ஏழு மணி வெயில் இதே வேலையைச் செலவில்லாமல் செய்யும். கல்வெட்டின்மேல் தாளை ஒற்றி மைப்படி எடுப்பது தொல்லியல் துறையின் அனுமதி பெற்றவர்கள் வேலை, நம்முடையதல்ல.

இரண்டாம் நாள் பனமலைக்கு. வழி பெரும்பாலும் ஊர்ச்சாலையும் ஏரிக்கரையும்தான். தூரம் பெரிதில்லை, ஆனால் காலுக்கு இங்கேதான் கெடுதி. கரையெங்கும் வேலிக்காத்தான் முள் கிடக்கிறது. அது ஓட்டப்பந்தயக் காலணியின் மெல்லிய நுரை அடியை நேரே துளைத்து ஏறும். தடித்த ரப்பர் அடி உள்ள காலணியே வேண்டும். இன்னொன்று: பல ஆண்டு பரணில் கிடந்த விலையுயர்ந்த மலையேற்றக் காலணியை நம்பி எடுத்து வராதீர்கள். பாலியூரித்தேன் அடிப்பகுதி, போடாமல் வைத்திருந்தாலும், காற்றின் ஈரம் பட்டுப் பட்டு உள்ளுக்குள் உளுத்துவிடும். வெளியே புதிதாகத் தெரியும், பாதி வழியில் அடி மொத்தமாகக் கழன்று வரும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டு நடந்து பார்க்க வேண்டும். குழுப் பையில் ஒட்டுநாடாவும் நைலான் கயிறும் கட்டாயம் இருக்க வேண்டும்.

பனமலையில் ஏரியை ஒட்டிய குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயில். வடகிழக்குப் பருவமழை முடிந்த தையில் ஏரி நிறைந்திருக்கும். நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் நாமக்கோழியும் எளிதில் கிடைக்கும். இங்கே பறவைக்காரர்கள் ஏரியிலேயும் கோயில்காரர்கள் குன்றிலேயும் நின்றுவிடுவது ஆண்டுதோறும் நடக்கிறது. ஒரே குழுவாகவே போக வேண்டும் என்பது செயற்குழுவின் கருத்து. மாலையில் குன்றின்மேலிருந்து ஏரி முழுவதும் தெரியும், தொலைநோக்கியை மேலேயே கொண்டுபோகலாம். வடபுறச் சிற்றாலயத்தில் பல்லவர் கால உமை ஓவியம் எஞ்சியிருக்கிறது. ஃபிளாஷ் கூடாது, சுவரைத் தொடக் கூடாது, உள்ளே நெருக்கியடித்து நிற்கக் கூடாது. மூச்சின் ஈரமும் உடல் வெப்பமும் சுதைப்பூச்சுக்கு ஆகாது. மூன்று மூன்று பேராகச் செல்வது நல்லது. சந்நிதி பூட்டியிருக்கலாம் என்பதால், காப்பாளரிடம் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பாக்கமலை. முழுப் பயணத்திலும் முன்னேற்பாடு அதிகம் தேவைப்படுவது இந்த ஒரு நாளுக்குத்தான். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவது 1882 ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றம். குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு 2018 இல் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்பதால் மலையேற்றம் மூடப்படும். ஆகவே 'மாசியில் வைத்துக்கொள்ளலாமே' என்ற யோசனைக்கு இடமில்லை. மாவட்ட வன அலுவலருக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே விண்ணப்பம் போக வேண்டும்: கலந்துகொள்வோர் பட்டியல், அடையாள அட்டை நகல், மருத்துவச் சான்று, நுழையும் இடம், வெளியேறும் இடம், நேரம். வரைபடம் இணைக்காத விண்ணப்பம் தாமதமாகும். காட்டுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. இரவுத் தங்கலைக் காட்டுக்கு வெளியே கிராமத்தில் வைத்துக்கொள்வதுதான் சரி.

இந்தக் காடு மேற்குத் தொடர்ச்சி மலைக்காடு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் முதல் ஒரு மணி நேரம் ஏமாந்துதான் போவார்கள். இது கிழக்குக் கரையோர உலர் பசுமைமாறாக் காடும் முட்புதரும் கலந்தது. மரங்கள் குட்டை, இலை சிறிது, தடிப்பு அதிகம். நீரை இழக்காமல் இருக்க அப்படி. காயா, எட்டி, உசிலை, வெட்பாலை, தணக்கு, அடியில் விராலி, களா, சூரை. சூரையும் இண்டும் வளைந்த முள் உள்ளவை. மாட்டிக்கொண்டால் முன்னுக்கு இழுக்காதீர்கள், ஓர் அடி பின்னால் போனால் தானே விடும். பருத்தி முழுக்கைச் சட்டை, இறுக நெய்த காற்சட்டை. அரைக்கால் சட்டையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வழிநடத்துபவருக்கு அதிகாரம் உண்டு என்பதை விதியாகவே சேர்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி இங்கே இலைச்சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். குரல் கேட்டபின் அசையாமல் உட்கார்ந்தால் மட்டுமே காட்சி கொடுக்கும். கொம்பன் ஆந்தை பாறை விளிம்பில் முட்டையிடும் காலமும் இதுவே. அதன் இடம் தெரிந்தாலும் கிட்டே போகவோ இடத்தைக் குறித்துப் பரப்பவோ வேண்டாம்.

பாறை இடுக்கில் கை விடாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள். சுருட்டை விரியனுக்கு அதுதான் வீடு. கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுப் போடுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, மோதிரம், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றி, நடக்க விடாமல் தூக்கி வந்து 108 ஐ அழைக்க வேண்டும். செஞ்சி அரசு மருத்துவமனை, பெரிதானால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை; நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

பாம்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் பூச்சியைப் பற்றிப் பேசுவதில்லை. புதரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத உண்ணிப்பேனின் இளம்பருவம் கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சல் நோய் வரும். காய்ச்சல் ஒன்றரை வாரம் கழித்துத்தான் தொடங்கும் என்பதால் நடையையும் காய்ச்சலையும் யாரும் சேர்த்து யோசிப்பதில்லை. அக்குள், இடுப்பு, தொடைச்சந்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, மருத்துவரிடம் 'காட்டுக்குப் போயிருந்தேன்' என்று சொல்லிவிட்டால் போதும், டாக்சிசைக்ளினில் குணமாகும். புல்லில் துண்டு விரிக்காமல் படுக்கக் கூடாது. அன்றைய துணியை அன்றே வெந்நீரில் போட வேண்டும்.

நான்காம் நாள் ராஜகிரி. கீழ்க்கோட்டை, கல்யாண மகால், களஞ்சியம், ஆனைக்குளம், வேங்கடரமணர் கோயில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மலை ஏறலாம் என்று திட்டமிட்டால் கெட்டது. பிற்பகல் மூன்று மணிக்குமேல் மலையேற விடமாட்டார்கள், ஐந்துக்குக் கோட்டையே மூடிவிடும். வாயில் திறந்தவுடன் ராஜகிரி, இறங்கிய பிறகு நிழலில் மற்றவை. மலை சுமார் 800 அடி. ஆயிரத்துக்கு மேல் படி. கருங்கல் பத்து மணிக்குச் சூடேறத் தொடங்கி, மேலே வெயிலும் கீழே பாறையும் சேர்ந்து அடுப்பு வைக்கும். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பையில் இல்லாதவர் படியில் கால் வைக்கக் கூடாது. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் தவறு, வியர்வையில் போன உப்பு திரும்பாமல் தலைச்சுற்றும் வாந்தியும் வரும். ஒரு லிட்டருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் தீங்கு. மலைச்சுனை நீர் பார்ப்பதற்கு மட்டும்.

குரங்குகளுக்குக் கைப்பை என்றாலே தீனி. பாலித்தீன் பை, கையில் பழம், வெளியே தொங்கும் தண்ணீர்ப் போத்தல் மூன்றும் பறிபோகும். அதைவிடப் பெரிய ஆபத்து மலைத்தேனீ. பாறை முகட்டின் கீழே அடை தொங்கும் இடத்தில் புகை, வாசனைத் தைலம், டிரோன், கூச்சல் எதுவும் கூடாது. கலைந்துவிட்டால் கையை வீசாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு விலக வேண்டும். நசுங்கிய தேனீயின் வாசம் மற்றவற்றை அழைத்துவரும். கொடுக்கை உடனே சுரண்டி எடுக்க வேண்டும்; உதடு வீங்கினாலோ மூச்சு அடைத்தாலோ அது மருத்துவமனைக் கணக்கு.

உச்சிக்கு முன்னுள்ள 24 அடி அகலப் பிளவின் பாலத்தில் நின்றால், 1690 இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698 வரை ஏன் நீண்டது என்று விளங்கும். சுவரும் பிளவும் பாதிக் காரணம், மேலே சுனையும் கீழே குளங்களும் மீதி. 1677 இல் சிவாஜி கைக்கு வந்த இக்கோட்டை, 2025 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மராட்டியப் படைத்தளங்கள் பன்னிரண்டில் ஒன்று; தமிழ்நாட்டிலிருந்து இது மட்டுமே. பட்டியலில் சேர்ந்துவிட்டதால் விடுமுறை நாள் கூட்டம் கூடும் என்பதையும் கருதி, ராஜகிரியை வேலைநாளில் வைக்க வேண்டும்.

கடைசி நாள் விடியலில் திருநாதர் குன்று. ஒரே பாறையில் இரு வரிசையாக இருபத்துநான்கு சமணத் தீர்த்தங்கரர். அருகே, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை, அதாவது நினைவிடக் கல்வெட்டு. பனி படிந்த காலையில் பாறை வழுக்கும். பாசி காய்ந்து கறுத்துக் கிடக்கும் இடம்தான் ஈரம் பட்டதும் எண்ணெயாகிவிடும், வெளுத்த இடமாகப் பார்த்து மிதிக்கவும். அங்கிருந்து சிங்கவரம் அரங்கநாதர் குடைவரை. பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள். வழிபாடு உள்ள கோயில் என்பதால் நடை சாத்தும் நேரத்தை முதல் நாளே கேட்டு வைக்கவும்.

உணவைப் பொறுத்தவரை, நடப்பவருக்கு வேளைக்கு 150 கிராம் அரிசி கணக்கு சரியாக வருகிறது. காட்டு நாளுக்குப் புளிசாதமும் வறுத்த வேர்க்கடலையும். தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். தலைக்கு 100 கிராம் கடலை மிட்டாய் பையிலேயே இருக்கட்டும்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு பொதுக்குழுவின் முன் வைப்பவை: குழு பதினைந்து பேரைத் தாண்டக் கூடாது; பாக்கமலைக்கு உள்ளூர் இருளர் வழிகாட்டி ஒருவருக்கு முழுநாள் ஊதியம் வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும், கடைசியில் துண்டு ஏந்தி வசூலிக்கும் பழக்கம் அவருக்கும் மரியாதையல்ல, நமக்கும் அல்ல; ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலோடு வரலாம், ராஜகிரி நாளில் அவர்களுக்குக் கீழ்க்கோட்டை நடை தனியே இருக்கும்; தை இரண்டாம் வாரத்தில், பொங்கல் கூட்டம் வடிந்தபின் புறப்பட வேண்டும்.

இவற்றை விவாதித்து, அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்