பில்லி மேக்ஸ்வெல்லையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல அமெரிக்க கௌகேர்ள் பாடகிகள் (மேற்குப் பக்கத்து மாடு மேய்க்கிறவங்க வாழ்க்கையப் பாடின பெண்கள்) பத்தி வந்த கட்டுரைய ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன், ரொம்ப சந்தோஷம். பேட்ஸி மொன்டானா 1935ல பாடின ரெக்கார்ட், அது பத்து லட்சம் வித்தது எல்லாம் சரிதான், ஆனா கதையே அங்கதான் ஆரம்பிக்குதுங்கற மாதிரி எழுதினதுதான் மனசுக்கு ஒப்பல.

அதுக்கு 6 வருஷம் முன்னாடியே, 1929 ஜூலையில, விக்டர் ரெக்கார்ட் கம்பெனிக்காக தயாரிப்பாளர் ரால்ஃப் பீர் டெக்சாஸ் எல் பாசோவுக்கு மெஷினோட வந்து ரெக்கார்ட் பண்ணப்போ அரிசோனாவுல இருந்து வந்து பாடினவங்க பில்லி மேக்ஸ்வெல். தனியா வரல, குடும்பமே வந்துச்சு. அப்பா கர்டிஸ் ஃபிடில், பில்லி கிட்டார், பேண்டுக்குப் பேரு ஒயிட் மவுண்டன் ஆர்கெஸ்ட்ரா. ஊர் ஊரா டான்ஸுக்கு வாசிச்ச குடும்பம் அது, வால்ட்ஸ்ங்கற டான்ஸ் மெட்டு ஒண்ணுக்கு தங்க ஊர்ப்பக்கத்து எஸ்கூடியா மலை பேரையே வச்சிருக்காங்க. இந்த மாதிரி டான்ஸ்ல ஃபிடில்காரர் எங்க வேணா போகலாம், கிட்டார் தாளம் தப்புச்சுன்னா ஆடறவங்க கால் பின்னிக்கும். அந்தப் பொறுப்ப சுமந்த பொண்ணுதான் அங்கயே தனியாவும் பாடினாங்க. அவங்க பாடின 'பில்லி வெனேரோ'ங்கற பாட்ட கேட்டுப் பாருங்க, அபாச்சி பழங்குடிக்காரங்க தாக்க வராங்கன்னு காதலிக்கு சொல்ல குதிரைல பறந்து வழியிலயே உயிர விட்டவனோட கதை, அத ஒரு அலங்காரமும் இல்லாம நேரா சொல்லிக்கிட்டே போறாங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்குது.

ஆனா நேரம் பாருங்க, அதே வருஷம் அக்டோபர்ல பங்குச்சந்தை விழுந்துச்சு, ரெக்கார்ட் விற்பனையும் படுத்துடுச்சு. அப்புறம் ரேடியோ காலத்துல கௌகேர்ள்னா தொப்பி, பூட்ஸ்னு ஒரு வேஷம் வந்துடுச்சு. ரேடியோல ஜோடியா பாடின டாலி, மில்லி சகோதரிங்க அருமையா பாடினவங்கதான், இல்லினாய்ல பிறந்தவங்கள டெக்சாஸ் மியூல்ஷூ ஊர்க்காரங்கன்னு விளம்பரம் பண்ணாங்க. நிஜமாவே மேற்குப் பக்கத்துல வளர்ந்த பில்லி பேரு உங்க கட்டுரைல ஒரு வரி கூட இல்லாதது எனக்கு வருத்தம்.

எவ்வளவு வித்துச்சுன்னு மட்டும் பாத்து வரலாறு எழுதினா இந்தக் குடும்ப பேண்டுங்க எல்லாமே விட்டுப்போகும். அதனால அவங்களுக்குன்னு தனியா ஒரு கட்டுரை போடுங்க, டான்ஸ் மெட்டையும் பில்லியோட பாட்டையும் சேர்த்துக் கேட்டு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி