உப்பளத்தில் நடந்த ஆய்வை உப்பளத்துக்கே கொண்டுபோக உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

தூத்துக்குடி உப்பளத்தில் காலை பத்து மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? தலைக்கு மேல் ஒரு வெயில், காலடியில் ஒரு வெயில். பாத்தியில் விளைந்து கிடக்கும் வெள்ளை உப்பு கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை முகத்தில் அடிக்கும். அதற்குள் நின்று உப்பு வாரி, தலையில் சுமந்து, அம்பாரத்தில் தட்டிவிட்டு வருகிற பெண்கள் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில்தான் கொண்டுவருவார்கள். வீடு திரும்பும்போதும் அதில் பாதி அப்படியே இருக்கும். கேட்டால், "குடிச்சா ஒதுங்க எங்க போவ?" என்பார்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் தாகத்தை அடக்குவதுதான் வழி.

இதைப் பல்கலைக்கழகங்கள் கவனிக்காமல் இல்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்புக்கு மேலான வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றில் ஏழு பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. அதே நிறுவனம் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் செய்த இன்னொரு ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. வெயில் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தெரிந்திருக்க வேண்டிய சேதி.

தெரிய வேண்டியவர்களுக்குத்தான் இது வந்து சேரவில்லை. கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சரி, தமிழில் துண்டுப் பிரசுரம் போடலாமே என்றால், கண் கூசும் அளத்தில் எழுத்தைப் படிப்பது யார்? போன் மட்டும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதனால்தான் வீடியோ.

போன ஆண்டு கைக்காசு போட்டு ஒன்று எடுத்துப் பார்த்தோம். சொதப்பல். கடல் காற்றில் பேச்சு பாதி காணாமல் போனது. மீதியில் 'நீரிழப்பு', 'வெப்ப அழுத்தம்' என்று நாங்களே முழங்கியிருந்தோம். பார்த்த ஒரு அக்கா, "நியூசு வாசிக்க மாதிரில்லா இருக்கு" என்று எழுந்து போய்விட்டார். அப்புறம்தான் புத்தி வந்தது. இந்த முறை பேசப்போவது அளத்துப் பெண்களே. வெறும் வெப்பமானி போதாது என்று ஆய்வாளர்கள் ஏன் கருப்பு உருண்டையையும் ஈரத்திரி சுற்றிய வெப்பமானியையும் வெயிலில் வைக்கிறார்கள், சிறுநீரின் நிறத்தைப் பார்த்தே உடம்பில் தண்ணீர் குறைவதை எப்படி அறிவது, நிழலும் கழிப்பறையும் கேட்பது ஏன் மருத்துவக் கோரிக்கையும் ஆகிறது என்பதையெல்லாம் வேலை நடக்கும் இடத்திலேயே காட்டப்போகிறோம். சொல்வதைத் தொழில்சார் நோய்கள் படித்த மருத்துவர் ஒருவர் சரிபார்த்துத் தருகிறார், சம்பளமில்லாமல்.

ஒவ்வொன்றும் ஆறு நிமிடமாக நான்கு வீடியோக்கள். கேமரா வாடகையும், பேச வருகிற பெண்களுக்கு அன்றைய கூலியும் சேர்த்து 48,000 ரூபாய். படத்தொகுப்புக்கு 60,000. காற்றுச் சத்தம் பிடிக்காத மைக்குகளுக்கு 17,000 (இதில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டோம்). இருபது ஊர்களில் சாயங்காலம் திரை கட்டிக் காட்ட 60,000. ஆக மொத்தம் 1,85,000. இதுவரை 62,000 சேர்ந்திருக்கிறது. குழுவினர் யாருக்கும் இதில் ஊதியம் இல்லை.

மழை வந்துவிட்டால் உப்பு இல்லை, படமும் இல்லை. எனவே மார்ச் கடைசிக்குள் பணம் கையில் இருந்தால் ஏப்ரல், மே வெயிலிலேயே எடுத்துவிடலாம். நூறு ரூபாயும் பெரிய தொகைதான். எவ்வளவு கொடுத்தாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை ஒவ்வொரு திரையிடலிலும் படம் தொடங்கும் முன்பு வாசிப்போம். பணம் இல்லாதவர்கள் ப்ரொஜெக்டரோ, ஒரு நாளுக்கு வேனோ இரவல் தந்தாலும் போதும். பொருளாளரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
குழுவினர்